தலைப்பாப் பெருமாள்

1947 மே 18, நாகர்கோவில்

சொந்த ஊருக்கு வந்து ஓட்டல் மாடியில் அறை எடுத்துத் தங்குகிறவன் இந்த நாஞ்சில் நாட்டிலேயே நான் ஒருத்தன்தான் இருப்பேன். பூதப்பாண்டி கூப்பிடு தூரம். வண்டி பிடித்தால் வெயில் ஏறுமுன் வீட்டு முற்றத்தில் இறங்கிவிடலாம். இறங்கி? அப்பா புறவாசல் வழியாக வயலுக்குப் போய்விடுவார். நான் திரும்பிப் போன பிறகுதான் வீட்டுக்குள் வருவார். எதற்கு அந்த மனுசனை வெயிலில் அலையவிடணும்.

ஆரல்வாய்மொழி சுங்கச் சௌக்கையில் நேற்று பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டார்கள். என் பெட்டியை மட்டும் திறக்கவில்லை. ஒரு சிப்பாய் தன் துண்டை நீட்டி, "சினிமால கட்டுத மாதிரி தலையில கட்டிக் காட்டும் வே, ஒரு தடவ" என்றான். பஸ் முழுக்க இறங்கி நின்று வேடிக்கை பார்த்தது. கட்டினேன். லத்தியால் தட்டினான். துண்டு மண்ணில் விழுந்தது. நான் முழித்தேன், எல்லாரும் சிரித்தார்கள். ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்கிற சனம், சிரிப்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

1947 மே 20

என் படம் ஓடுகிற கொட்டகையில் இரண்டு ஆட்டத்துக்கும் மேடையில் ஏற்றி நிறுத்தினார்கள். "தலைப்பா, தலைப்பா" என்று ஒரே கூச்சல். நாராயணபெருமாள் என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது இந்த ஊரில் யாருக்கும் நினைவில்லை. போஸ்டரிலேயே 'தலைப்பாப் பெருமாள்' என்றுதான் போடுகிறான்.

அம்மா வந்திருந்தாள். ஓட்டல் பின்பக்கம், மாட்டுக்கொட்டில் பக்கமாக ஏறி வந்தாள், திருடி மாதிரி. தூக்குச்சட்டி நிறைய முந்திரிக்கொத்து.

"அப்பாட்ட நான் வந்தேன்னு சொல்லாண்டாம் மக்கா."

"அவரு எங்கிட்ட பேசினால்லா நான் சொல்ல?"

அம்மா சிரிக்கவில்லை. ஊரெல்லாம் சிரிக்க வைக்கிறேன், பெற்றவளை முடியவில்லை.

1947 மே 21

திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. எழுதியே தீருவது என்று உட்கார்ந்திருக்கிறேன். காலையில் ஒரு பத்திரிகைக்காரன் வந்து, "அந்தத் தலைப்பா யோசனை எப்படி வந்தது?" என்று கேட்டான். பல நாள் கண்ணாடி முன்னால் பழகினேன் என்று அளந்துவிட்டேன். நடந்தது அதுவல்ல.

முதல் படம், சேலத்தில். நாடகக் கம்பெனியிலிருந்து எங்களை மொத்தமாக ஓட்டிக்கொண்டு போனார்கள். எனக்கு ஊர்க்காவல்காரன் வேஷம். தலையில் என்ன கட்டுவது என்று கேட்டபோது, நானே கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லி, ஊரில் நாங்கள் சாமி கும்பிடுகிற நிழல்தாங்கலில் கட்டுகிற மாதிரி கட்டினேன். எனக்குத் தெரிந்த கட்டு அது ஒன்றுதான். ஹீரோ கம்பைச் சுழற்றிக்கொண்டு வந்தார். கை தவறி என் தலைப்பாவில் பட்டு, அது போய் விழுந்தது. என் இரண்டு கையும் தானாகத் தலைக்குப் போயின. கண் பிதுங்கிவிட்டது. அது நடிப்பு இல்லை. அந்த வேஷத்தையும் மறந்து, அய்யோ என்று உண்மையாகவே பதறினேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. டைரக்டர் நாற்காலியிலிருந்து சரிந்து விழுகிற அளவுக்குச் சிரித்தார். அப்புறம் ஒவ்வொரு படத்திலும் அதையே கேட்டார்கள். கொடுத்தேன். வேறு என்ன செய்ய, பட்டினி கிடக்கவா?

மற்ற கோயிலில் துண்டைத் தலையிலிருந்து இடுப்புக்கு இறக்கிக் கட்டிக்கொண்டு சாமி கும்பிடுகிறார்கள். எங்களை, நாங்கள் சாமியாகக் கும்பிடுகிற அய்யா, தலைக்கு ஏற்றிக் கட்டச் சொன்னார். ஒரு காலத்தில் எங்கள் ஆட்கள் தலைப்பா கட்டினால் அடி விழும். அதனால்தான் எங்களுக்குத் தலைப்பா இல்லாமல் தாங்கலுக்குள் கால் வைக்கக் கூடாது. என் அப்பா சுயம்பு எங்கள் ஊர்த் தாங்கலில் பணிவிடை செய்கிறவர், மற்ற கோயில் பூசாரி மாதிரி. மகன் நடித்த படம் என்று ஆசையாக, தாங்கல் ஆட்களையும் கூட்டிக்கொண்டு ஒரே ஒரு தடவை கொட்டகைக்குப் போனார். பாதியில் எழுந்து வந்துவிட்டார். அடுத்த தடவை நான் வீட்டுக்குப் போனபோது முற்றத்திலேயே நிறுத்தினார்.

"எங்க தாத்தா இதக் கட்டுனதுக்கு அடி வாங்கினாரு. நீ இதத் தட்டிவிடச் சொல்லிக் கூலி வாங்குதியா? இனிமே உன் தலையில துணி ஏறப்பிடாது. நான் கட்டுன்னு சொல்லுத வரைக்கும் ஏறப்பிடாது."

அதோடு பேச்சு நின்றது. தலைப்பா இல்லாமல் தாங்கலுக்குள் போக முடியாது. அவர் சொல்லாமல் கட்ட முடியாது. சினிமாவில் மட்டும் தினம் கட்டுகிறேன். நல்ல கூத்து.

1949 பிப்ரவரி 3, சென்னை

இந்தப் படத்தில் தலைப்பா கிடையாது. முதலாளியிடம் சண்டை போட்டு ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன். எங்கள் தொழில் அப்படி. கதைக்கும் நமக்கும் சம்பந்தம் கிடையாது. படம் முழுக்க எடுத்து முடித்த பிறகு நம்மைக் கூப்பிட்டுக் காமெடியைத் தனியாக எடுத்து, நடுவில் அங்கங்கே ஒட்டுவார்கள். அதனால் நம் பகுதியை நாமே எழுதிக்கொள்ளலாம். வாழைக்குலை வியாபாரி வேஷம் எழுதியிருக்கிறேன். குலையைத் தட்டிப் பார்ப்பது மாதிரி ஆளைத் தட்டிப் பார்த்து, இவன் காய், இவன் கனி, இவன் உள்ளே அழுகல் என்று சொல்கிறவன். வெறுந்தலை.

மேக்கப் போடுகிற கிளீட்டஸ் முட்டத்துக்காரன், நம்ம கடற்கரை ஆள். ஒத்திகை பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது கொள்ளாம், நல்லாருக்கு. இதுல ஒம்ம மொகமே தெரியுது" என்றான். நெஞ்சு நிறைந்துவிட்டது எனக்கு. இத்தனை காலம் ஜனங்கள் பார்த்தது என் தலையைத்தானே.

தம்பி வைகுண்டராஜனுக்கு எழுதிப் போட்டேன். இந்தப் படத்தில் அது இல்லை, அப்பாவிடம் சொல், நீயே போய்ப் பார்த்துவிட்டுச் சொல் என்று.

1949 ஜூலை 17

தம்பி திருநெல்வேலி வந்து ரயில் ஏறி இங்கே சென்னைக்கே வந்துவிட்டான். வாசலில் நின்றபடியே கேட்டான்.

"அண்ணே, பொய் சொல்லலாமா?"

என்னலே பொய் என்றேன். நாகர்கோவில் கொட்டகைக்கு அப்பா சொல்லித் தாங்கல் பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். வாழைக்குலை வியாபாரி வந்திருக்கிறான். ஜனம் கத்தியிருக்கிறது, "தலைப்பா எங்கலே" என்று. இடைவேளை முடிந்ததும் சம்பந்தமே இல்லாமல் நான் காவல்காரனாக வந்து நிற்கிறேனாம், கம்பு சுழல்கிறதாம், தலைப்பா விழுகிறதாம்.

விநியோகஸ்தன். பழைய படத்திலிருந்து அந்தச் சுருளை வெட்டி இதில் ஒட்டிவிட்டான், சவத்துப் பய. கேட்டதற்கு, "உங்க பேர் போஸ்டர்ல தலைப்பான்னு இருக்கு, அது இல்லாம எப்படி ஓட்டுறது?" என்கிறான். என் முகம், என் தலை. வெட்ட ஒருத்தன், ஒட்ட ஒருத்தன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

தம்பியிடம் மூச்சு முட்டச் சொன்னேன். நம்பினான். ஆனால் பெரியவர்கள் முதல் பஸ்ஸிலேயே ஊருக்குப் போய் அப்பாவிடம் சொல்லியாயிற்று.

"அப்பா என்ன சொன்னாரு?"

"'பொய்யும் படிச்சிட்டான்'ன்னாரு."

1950 அக்டோபர் 9, பூதப்பாண்டி

அம்மா போய்விட்டாள். தந்தி கிடைத்தபோது திருநெல்வேலியில் ஒரு விழாவில் இருந்தேன். அதனால் முகம் பார்க்கக் கிடைத்தது.

எங்களில் அடக்கம்தான், எரிப்பதில்லை. ஆண்கள் எல்லாரும் தலைப்பா கட்டி, நெற்றியில் நாமம் இட்டு நின்றார்கள். தம்பி எனக்கும் ஒரு துண்டை நீட்டினான். அப்பா பார்த்தார். என்னை அல்ல, துண்டை. தம்பியிடம் சொன்னார், எனக்குக் கேட்கிற மாதிரி:

"அவன் வெறுந்தலையா நிக்கட்டும்."

நின்றேன். மூத்த மகன் நான், வெறுந்தலையோடு மண் தள்ளினேன். கூட்டத்தில் ஒருத்தி பக்கத்தில் நின்றவளிடம், "இவன்தான் அவன்" என்றாள். இரண்டு பேரும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அழுகையா சிரிப்பா, அய்யாவுக்குத்தான் தெரியும்.

ஒரு வார்த்தை. 'கட்டு'ன்னு ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னா வாய் வெந்தா போயிரும் அப்பாவுக்கு? செத்துப்போன பொண்டாட்டிக்காகக்கூட சொல்லப்பிடாதா? நான் களவாண்டேனா, குடிச்சேனா, எவன் குடியக் கெடுத்தேன்?

1950 அக்டோபர் 10

புறப்பட்டுவிட்டேன். இனி அவர் சொன்னாலும் கட்டப்போவதில்லை.

1950 அக்டோபர் 12, சென்னை

முந்தாநாள் எழுதியது பொய். சொன்னால் கட்டுவேன்.

1952 ஜூன் 24

இப்போது வசனத்தின் காலமாம். அடுக்கடுக்காகப் பேச வேண்டும். பேச்சிலேயே கைதட்டல் வாங்க வேண்டும். என் பேச்சில் மலையாள வாடை அடிக்கிறது என்று இரண்டு கம்பெனியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முன்னால் இதே பேச்சைக் கேட்டுத்தான் சிரித்தார்கள்.

இன்று ஒரு நாள் வேலை கொடுத்தார்கள். புதிதாக வந்திருக்கிற காமெடிப் பையன் கம்பால் என் தலைப்பாவைத் தட்ட வேண்டும். அவன் பேர் வாங்க நான் படிக்கட்டு. சரி என்றேன். கட்டினேன். தட்டினான். விழுந்தது. நான் சும்மா நின்றேன்.

"அண்ணே, கையைத் தலைக்குக் கொண்டு போகணும்" என்று உதவி டைரக்டர் ஞாபகப்படுத்தினான். எனக்கு. மறுபடி எடுத்தார்கள். கை போயிற்று, கண் போகவில்லை. திரும்பத் திரும்ப எடுத்தார்கள். கடைசியில் டைரக்டர், "பழைய மாதிரி வரலையே அண்ணே, விடுங்க" என்றார்.

எப்படி வரும்? அன்றைக்கு அந்தத் துணி விழுந்தபோது எனக்குள் ஒன்று பதறியது. விழ வைத்து விழ வைத்து அந்தப் பதற்றத்தையே தேய்த்துத் தின்றுவிட்டேன். இப்போது விழுவது வெறும் துண்டு. சினிமாவும் இல்லை, தாங்கலும் இல்லை.

கிளீட்டஸ் மேக்கப் துடைத்துவிட்டான்.

1953 மார்ச் 30, நாகர்கோவில்

சென்னையைக் காலி செய்து வந்துவிட்டோம். ஒழுகினசேரியில் வாடகை வீடு. என் பெண்டாட்டி முத்துக்கனிக்குச் சந்தோஷம், மறைக்கத் தெரியவில்லை அவளுக்கு.

"இஞ்சேருங்க, இனி நல்ல வெள்ளம் குடிக்கலாம், நல்ல மீன் திங்கலாம்" என்கிறாள்.

"நல்ல மாமனாரையும் பாக்கலாம்" என்றேன்.

"அவரு உங்கள மாதிரிதான். ரெண்டு பேருக்கும் ஒரே வீம்பு" என்றாள். அன்று முழுக்க அவளிடம் பேசவில்லை. அப்புறம் யோசித்துப் பார்த்தால், பேசாமல் இருந்ததிலேயே அவள் சொன்னது நிரூபணம் ஆகிவிட்டது.

1954 ஆகஸ்ட் 12

எங்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லிப் போராடியவர்கள் மேல் மார்த்தாண்டத்தில் துப்பாக்கிச் சூடாம். பஸ் ஓடவில்லை. கடை எல்லாம் அடைப்பு.

1955 செப்டம்பர் 4

தம்பி வந்தான். தேயிலைத் தண்ணி கொடுத்தாள் முத்துக்கனி, குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

அப்பாவுக்கு நினைவு தவறுகிறதாம். போன வருஷம் முதலே இருக்கிறது, என்னிடம் சொல்லவில்லை. எப்போதோ விற்றுப்போன வயலில் போய் நின்று, தண்ணி யாருலே அடைச்சது என்று கத்துகிறாராம். பழையாற்றில் இறங்கி நின்றவரை வண்ணார்கள் கூட்டி வந்திருக்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை தலைப்பா கட்டாமல் தாங்கலுக்குப் போய்விட்டாராம். வாசலில் நிறுத்திச் சொன்னதற்கு, "அது என்னத்துக்கு?" என்று கேட்டாராம்.

அதைச் சொன்னபோது தம்பி அழுதான்.

"நீங்களும் மைனியும் அங்ஙன வந்து இருங்கண்ணே. எனக்கு ஒத்தையில முடியல."

"என்னைப் பாத்தா புறவாசல் வழியா ஓடிருவாரேடே."

"ஓட மாட்டாரு. ஆளு தெரியாது."

1955 செப்டம்பர் 11, பூதப்பாண்டி

முன்வாசல் வழியாகவே உள்ளே போனேன். எத்தனை வருஷம் கழித்து.

அப்பா கட்டிலில் இருந்தார். எழுந்து, துண்டால் பெஞ்சைத் தட்டி, "இரிங்க தம்பி. எந்த ஊரு?" என்றார். என்னை வாழ்நாளில் 'ங்க' போட்டுக் கூப்பிட்டதில்லை அந்த மனுசன். நாகர்கோவில் என்றேன். "வெயில்ல வந்திருக்கியள்" என்று சொல்லி முத்துக்கனியைப் பார்த்து மோர் கொண்டு வரச் சொன்னார்.

மோர் குடித்தேன். விருந்தாளி.

1956 ஜனவரி 19

ஒவ்வொரு நாளும் யாரென்று சொல்லிப் பார்க்கிறேன். நாராயணபெருமாள் என்றேன், உங்க மூத்தவன் என்றேன். "எனக்கு ஒரு மகன்தான், வைகுண்டராஜன்" என்கிறார். கோபமாகச் சொல்லவில்லை, விவரம் சொல்வது மாதிரிச் சொல்கிறார். அதுதான் தாங்கவில்லை.

தம்பி சொல்கிறான், "போவுதண்ணே, பக்கத்துல இருக்கியள்லா, அது போரும்." போதாது. என்னை வேண்டாம் என்று சொன்ன மனுசனுக்கு என்னைத் தெரிந்திருந்தது. இவருக்கு என்னைத் தெரியவே தெரியாது. மன்னிக்கவாவது தெரிய வேண்டாமா?

1956 நவம்பர் 1

இன்று முதல் நாம் சென்னை ராஜ்யத்தோடு. ஊரெல்லாம் கொடி, தோரணம், வெடி. கொட்டகைக்காரன் ஓசியில் படம் ஓட்டினான். என்ன படம்? அவனிடம் இருப்பது பழைய படப்பெட்டிதானே. வாழைக்குலை வியாபாரி படம், ஒட்டுப்போட்ட அதே பிரதி.

நான் போகவில்லை என்று சொல்லிவிட்டேன். மேளச் சத்தம் கேட்டதும் அப்பா கிளம்பிவிட்டார். தம்பி தடுத்தான், கேட்கவில்லை. கடைசியில் மூன்று பேருமாகப் போனோம். நடுவில் அப்பா. ஜனம் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புதுப் பிள்ளைகளுக்கு என்னை யாரென்று தெரியாது.

வாழைக்குலை வியாபாரி வந்தபோது அப்பா கொட்டாவி விட்டார். இடைவேளை முடிந்து காவல்காரன் வந்தான். இப்போது நினைவு வரும், எழுந்திருப்பார், என்னைத் திட்டுவார். திட்டட்டும் என்றுதான் இருந்தேன். அய்யாவை வேண்டிக்கொண்டேன், திட்ட வையும் என்று. கம்பு சுழன்றது. தலைப்பா விழுந்தது.

அப்பா சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆளு யாரு தம்பி இவன்? பாத்தீளா, என்ன முழி முழிக்கான். கொள்ளாம், கொள்ளாம்."

"நாந்தாம்ப்பா அது."

"வயசானவன்ட்ட விளையாடுதியளே தம்பி" என்று அதற்கும் சிரித்தார்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். நான் வெளியே வந்து கொட்டகைத் தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யப்பா, ஒரு தடவ திட்டுங்கப்பா. வெறுந்தலையா நில்லுன்னு சொல்லுங்க. இந்த ஊருல எல்லாவனும் சிரிச்சான். நீங்க ஒருத்தர்தாம்ப்பா சிரிக்கல. அத வச்சுல்லா நான் இத்தன வருசம் மனுசனா இருந்தேன்.

1956 நவம்பர் 15

அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். முத்துக்கனி பயிற்றுக் கஞ்சியை ஊட்டினால் துப்புகிறார். வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, உடம்பில் ஒன்றும் இல்லை, மனசு வைத்தால்தான் உண்டு என்று சொல்லிவிட்டுப் போனார்.

1956 நவம்பர் 18

இன்றும் ஒன்றும் இறங்கவில்லை. சாயங்காலம் தானாகவே கேட்டார், "அந்தத் தலைப்பாக்காரன் வர மாட்டானா?" என்று. நான் எழுந்து வெளியே போய்விட்டேன். தம்பி பின்னாலேயே வந்தான். கட்டச் சொல்லிக் கேட்டிருந்தால் அடித்திருப்பேன்.

1956 நவம்பர் 19

காலையில் கொடியில் கிடந்த அப்பாவின் துண்டை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு முன்னால் போய் நின்றேன். கையில் எடுத்தேனே தவிர தலைக்குக் கொண்டுபோக முடியவில்லை. அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கட்டுங்க தம்பி" என்றார்.

கட்டினேன். தாங்கலில் கட்டுகிற மாதிரியே. தம்பியிடம் கைத்தடியைக் கொடுத்தேன். அவன் வாங்க மாட்டேன் என்று தலையாட்டினான். பணிவிடைக்காரன் மகன், இப்போது அந்தப் பணிவிடையைச் செய்கிறவனும் அவன்தான். "தட்டுலே" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு தட்டினான்.

அப்பா சிரித்தார். சிரிக்கத் திறந்த வாயில் முத்துக்கனி கஞ்சியை ஊற்றினாள். விழுங்கிவிட்டு, துண்டைக் கைகாட்டி, "கட்டுங்க, கட்டுங்க" என்றார்.

சட்டி காலியாகிற வரைக்கும் கட்டினேன்.